800 முகவரி, ஒரு சேர்வர்: யாழ்ப்பாணத்துப் பழைய மாணவர் சங்கம் ஒன்றின் மடற்குழு பற்றிய நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பில்தான் இருக்கும். தாய்ச்சங்கம் இங்கே, கிளைகள் கொழும்பு, லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று பரந்திருக்கும். காசு அங்கே சேரும், கட்டட வேலை இங்கே நடக்கும். கணக்கறிக்கை, பொதுக்கூட்ட அறிவித்தல், யாப்புத் திருத்தம், புலமைப்பரிசில் விண்ணப்பம் எல்லாம் இரண்டுக்கும் நடுவே மின்னஞ்சலில் ஓடும். இந்த ஆய்வில் வரும் சங்கத்தின் பெயர் தேவையில்லை. ஏறத்தாழ 800 முகவரிகள், அவற்றில் அரைவாசிக்கு மேல் ஜிமெயில், மூத்தவர்களிடம் இன்னும் யாஹூவும் ஹொட்மெயிலும். இந்தக் கலவை இங்குள்ள பல சங்கங்களுக்குப் பொருந்தும்.

முன்பு எல்லாம் செயலாளரின் சொந்த ஜிமெயிலிலிருந்தே போயின. தனிநபர் ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்பதால் ஒரே அறிவித்தல் இரண்டு நாளில் இரண்டு துண்டாகப் போகும். செயலாளர் மாறினால் கடிதங்களும் அவரோடு போய்விடும். அதற்கும் முன்பு யாஹூ குரூப்ஸ் இருந்தது. அது 2020 டிசம்பர் 15இல் மூடப்பட்டது. அதிலிருந்த பழைய மடல்களை நேரத்துக்கு இறக்கி வைக்காதவர்கள் இழந்தார்கள். வட்ஸ்அப் குழு அரட்டைக்கு நல்லது. ஆனால் மூன்று வருடத்துக்கு முந்திய தீர்மானத்தை யார் முன்மொழிந்தார் என்று அதில் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் பாடு. ஆக, வேண்டியவை இரண்டு: சங்கத்தின் சொந்த டொமைனில் ஒரு மடற்குழு, அதாவது ஒரே முகவரிக்கு எழுதினால் உறுப்பினர் எல்லோருக்கும் போகும் பட்டியல்; சங்கத்தின் கையிலேயே ஒரு களஞ்சியம், அதாவது பழைய மடல்களின் சேமிப்பு.

மென்பொருள் தெரிவில் அதிகம் மயங்க வேண்டியதில்லை. லிஸ்ற்மொங் ஒருவழிச் செய்திமடலுக்கு அழகாக வேலை செய்யும், உரையாடலுக்கு அல்ல. எம்.எல்.எம்.எம்.ஜே மிகச் சிறியது, நம்பகமானது. களஞ்சியத்தை மட்டும் வேறாகக் கட்ட வேண்டும். சிம்பா பல்கலைக்கழக அளவுக்கு உரியது. மெயில்மேன் 2.1ஐப் புதிதாக நிறுவுவது வீண், அது எழுதப்பட்ட நிரல்மொழியான பைதன் 2இன் ஆதரவு 2020 ஜனவரி 1உடன் முடிந்துவிட்டது. எஞ்சியது மெயில்மேன் 3. 800 பேருக்கு அது பாரம் கூடத்தான். ஆனால் பட்டியல் நிர்வாகத்துக்குப் போஸ்ரோரியஸ், களஞ்சியத்துக்கு ஹைப்பர்கிற்றி என்று வலைப்பக்கங்கள் கூடவே வருவதால், கணினி தெரியாத செயலாளரும் அதை நடத்தலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே அது தெரிவானது.

நிறுவும் முன் மனதில் பதிக்க வேண்டியது ஒன்று உண்டு. மடற்குழு மென்பொருள் வெறும் தபால்காரன் அல்ல. பிறர் கடிதத்தை உடைத்து, மேலே ஒரு முத்திரை குத்தி, கீழே ஒரு வரி சேர்த்து, மீண்டும் ஒட்டி அனுப்புகிற ஆள். இன்றைய பெரிய மின்னஞ்சல் சேவைகள் அப்படி உடைத்து ஒட்டிய கடிதத்தைப் போலிக் கடிதம் என்றே எடுத்துக்கொள்கின்றன. இந்தச் சங்கத்தில் வந்த பெரிய சிக்கல்களின் வேர் பெரும்பாலும் இதில்தான்.

சேர்வரும் டொமைனும்

சேர்வரை யாழ்ப்பாணத்துக் கந்தோரில் வைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மின்வெட்டு ஒரு காரணம் மட்டும்தான். சாதாரண இணைய இணைப்பில் ஐ.பி முகவரி மாறிக்கொண்டே இருக்கும், அந்த முகவரி எந்தப் பெயருக்கு உரியது என்று காட்டும் பி.ரி.ஆர் பதிவை நாம் வைக்க முடியாது, அப்படிப்பட்ட முகவரியிலிருந்து வரும் மடலை ஜிமெயில் வாசலிலேயே நிறுத்தும். வெளிநாட்டுத் தரவு நிலையம் ஒன்றில் ஒரு வி.பி.எஸ் (வாடகை மெய்நிகர் சேர்வர்) போதும். நினைவகம் 2 ஜிகாபைற் வேண்டும். மெயில்மேன், ரன்னர் எனப்படும் சிறு பின்னணி நிரல்கள் ஒரு டசினுக்கு மேற்பட்டவற்றைத் தனித்தனியே ஓட விடும். வலைப்பக்கமும் தரவுத்தளமும் சேர்ந்தால் 1 ஜிகாபைற் மூச்சுத் திணறும். நினைவகம் போதாமல் இயங்குதளத்தின் கருவான கேர்னல் ஒரு ரன்னரைக் கொன்றுவிட்டால் மடல் சத்தமில்லாமல் வரிசையில் தேங்கும், பிழைச் செய்தி எங்கும் வராது.

வாங்குமுன் நிறுவனத்திடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். மின்னஞ்சல் வெளிச்செல்லும் வாசலான 25ஆம் போர்ட் திறந்திருக்கிறதா? பி.ரி.ஆர் பதிவை நாமே மாற்றலாமா? பல இடங்களில் 25ஆம் போர்ட் மூடித்தான் இருக்கும், எழுதிக் கேட்டால் திறப்பார்கள். காசு கட்டும் அட்டையிலும் கவனம் வேண்டும். புலம்பெயர்ந்த உறுப்பினர் ஒருவரின் சொந்த அட்டையிலும் சொந்தக் கணக்கிலும் சேர்வரை எடுப்பது இலகு. அவர் சங்கத்தோடு முறுகிக்கொண்டால் சேர்வரும் அவரோடு போகும். கணக்குச் சங்கத்தின் முகவரியில் இருக்கட்டும், அட்டை யாருடையதாகவும் இருக்கட்டும்.

மடற்குழுவுக்கு ஒரு துணை டொமைனை ஒதுக்குவது நல்லது. பட்டியலுக்கு ஏதாவது கெட்டபெயர் வந்தாலும் சங்கத்தின் முதன்மை டொமைன் ஓரளவு தப்பும். '.இலங்கை' என்று தமிழிலேயே டொமைன் எடுக்கலாம், பார்க்கவும் அழகு. ஆனால் பட்டியல் முகவரி ரோமன் எழுத்திலேயே இருக்கட்டும். முகவரியின் முற்பகுதியில் தமிழ் எழுத்தை மெயில்மேன் ஏற்காது.

டொமைன் பெயர்களின் பொதுப் பதிவேடான டி.என்.எஸ்சில் வைக்க வேண்டியவை: சேர்வரின் ஐ.பியைச் சொல்லும் ஏ பதிவு, மடல் எந்தச் சேர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ், இரண்டு பக்கமும் பொருந்தும் பி.ரி.ஆர், டொமைன் பெயரில் அனுப்பச் சேர்வரின் ஐ.பியை மட்டும் அனுமதிக்கும் எஸ்.பி.எஃப், மடலில் இடும் மின்கையொப்பத்தைச் சரிபார்க்க 2048 பிற் டிகிம் சாவி, இவற்றில் தேறாத மடலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் (தொடக்கத்தில் 'நடவடிக்கை வேண்டாம்' என்ற நிலையில்). டிகிம் சாவியில் இடறாதவர் குறைவு. டி.என்.எஸ்சின் எழுத்துப் பதிவில் ஒரு துண்டு 255 எழுத்தைத் தாண்டக் கூடாது. 2048 பிற் சாவியோ 390க்கு மேல் வரும். அதை இரண்டு மேற்கோள் துண்டாகப் பிரித்து இட வேண்டும். ஒரே துண்டாக ஒட்டினால் சில கட்டுப்பாட்டுப் பலகைகள் வாலை வெட்டிவிட்டுச் 'சேமிக்கப்பட்டது' என்று சொல்லும். ஐ.பி பதிப்பு 6இல் பி.ரி.ஆர் வைக்க மறந்தால் ஜிமெயிலுக்குப் போகும் மடல் ஒருநாள் போகும், ஒருநாள் திரும்பும். வைக்கத் தெரியாவிட்டால், மடலை வாங்கி அனுப்பும் மென்பொருளான போஸ்ற்ஃபிக்ஸைப் பதிப்பு 4இல் மட்டும் பேச விடலாம்.

மெயில்மேனும் போஸ்ற்ஃபிக்ஸும்

டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் மெயில்மேன் 3இன் முழுத் தொகுப்பையும் ஒரே கட்டளையில் நிறுவலாம். பைதன் சூழலில் தனியாக நிறுவினால் புதிய பதிப்புக் கிடைக்கும், ஆனால் அதைப் புதுப்பிக்க ஒருவர் எப்போதும் வேண்டும். தன்னார்வலர்கள் நடத்தும் சங்கத்துக்கு டெபியனின் பொதியே பாதுகாப்பு. தரவுத்தளத்துக்குப் போஸ்ற்கிரெஸ், அதன் காரணம் பின்னால் வரும்.

பகுதிகள் பேசிக்கொள்ளும் விதம் தெரிந்தால் பாதிப் பிழை தானே பிடிபடும். போஸ்ற்ஃபிக்ஸ் வெளியிலிருந்து மடலை வாங்கி, 8024ஆம் போர்ட்டில் எல்.எம்.ரி.பி என்ற மடல் நெறிமுறை வழியாக மெயில்மேனிடம் கொடுக்கும். மெயில்மேன் அதைப் பதப்படுத்தி 25ஆம் போர்ட் வழியாகப் போஸ்ற்ஃபிக்ஸிடமே திருப்பிக் கொடுக்கும். வலைப்பக்கங்கள் மெயில்மேனோடு 8001ஆம் போர்ட்டில் பேசும். 8024ம் 8001ம் வெளியுலகுக்குத் திறக்கவே கூடாது.

எந்த முகவரி மெயில்மேனுக்கு உரியது என்ற அட்டவணையை மெயில்மேனே எழுதி வைக்கும். போஸ்ற்ஃபிக்ஸ் அதை வாசிக்க வேண்டும். வழிகாட்டும் அட்டவணையாகவும் பெறுநர் அட்டவணையாகவும் அதைக் காட்டி, டொமைன் அட்டவணையைக் கடத்தும் டொமைன்களில் சேர்க்க வேண்டும். மடற்குழுவுக்கென ஒதுக்கிய துணை டொமைனைப் போஸ்ற்ஃபிக்ஸின் 'சொந்த டொமைன்' பட்டியலில் சேர்க்கக் கூடாது. ஒரே டொமைனை இரண்டிலும் சேர்த்தால் போஸ்ற்ஃபிக்ஸ் எச்சரிக்கும். புதுப் பட்டியல் உருவாக்கியதும் அதற்கு வரும் மடலைப் போஸ்ற்ஃபிக்ஸ் ஏற்காவிட்டால், அட்டவணைக் கோப்பை வாசிக்கப் போஸ்ற்ஃபிக்ஸுக்கு அனுமதி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முகவரியில் கூட்டல் குறிக்குப் பின்னால் வருவதைப் பிரித்தறியும் வசதியையும் இயக்க வேண்டும். திரும்பிவரும் மடல் யாருடையது என்று கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான்.

வலைப் பக்கத்தில் வழக்கமாக இடறும் இடங்கள் மூன்று. வலைப்பக்கங்கள் நிற்கும் ஜாங்கோ சட்டகத்துடன் வரும் மாதிரித் தளப் பதிவை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் அதன் இலக்கம் மாறிவிடும், தளம் முழுவதும் 500 பிழை காட்டும்; அழிக்காமல் பெயரை மட்டும் மாற்ற வேண்டும். கணக்கு உறுதிப்படுத்தும் மடல் உள்ளூர் முகவரியிலிருந்து போகும்படி இருந்தால் அது யாருக்கும் சேராது. மூன்றாவது, மெயில்மேனும் ஹைப்பர்கிற்றியும் ஒன்றையொன்று அடையாளம் காணும் களஞ்சியச் சாவி. மெயில்மேன் பக்கம் ஒரு சாவியும் ஹைப்பர்கிற்றி பக்கம் வேறொன்றும் இருந்தால் மடல் எல்லோருக்கும் ஒழுங்காகப் போகும், களஞ்சியம் மட்டும் வெறுமையாக இருக்கும். பயப்பட வேண்டாம், அவை ஒரு தற்காலிக அடைவில் காத்திருக்கும். சாவியைச் சரிசெய்தபின் அடுத்த மடல் வரும்போது எல்லாம் உள்ளே போகும்.

800 முகவரியை ஏற்றுவது

கையில் இருந்தது பல வருடத்து எக்செல் பட்டியல். அதை ஒரே அடியாக ஏற்றி 'அனைவருக்கும் வணக்கம்' என்று அனுப்புவது, புதிய ஐ.பியின் பெயரை முதல் நாளிலேயே கெடுக்கும் நிச்சயமான வழி. செத்த முகவரிகள் கூட்டமாகத் திரும்பி வரும், புது முகவரியிலிருந்து இவ்வளவா என்று ஹொட்மெயில் கதவை மூடும். கடைசி வருடத்தில் சந்தா கட்டியவர்கள், பதில் எழுதியவர்கள் என்று உயிருள்ள முகவரிகளை முதலில் 50 பேராக ஏற்றி, இரண்டு மூன்று வாரத்தில் மற்றவர்களைச் சேர்க்கலாம். மிகப் பழைய முகவரிகளுக்குச் சேர்ப்பு வேண்டாம், அழைப்பு மட்டும். பதில் சொன்னவர் மட்டும் உள்ளே வருவார்.

அதைவிடப் பெரிய முடிவு, பட்டியலை இரண்டாக்கியது. ஒன்று அறிவித்தல் பட்டியல்: 800 பேரும் இருப்பார்கள், எழுதுவது செயலாளரும் பொருளாளரும் மட்டும், அதுவும் சங்கத்தின் டொமைன் முகவரியிலிருந்து. மற்றது உரையாடல் பட்டியல்: விரும்பியவர் சேரலாம். அறிவித்தலில் அனுப்புநரும் பட்டியலும் ஒரே டொமைன் என்பதால் அடுத்து வரும் டிமார்க் சிக்கல் அதில் எழவே எழாது. இந்தப் பிரிப்பை முதலிலேயே செய்திருந்தால் கீழே சொல்லப்படுவதில் முக்கால்வாசி நடந்திராது.

யாஹூக்காரர் எழுதினார், ஜிமெயில்காரர் நின்றுபோனார்

தொடக்கத்தில், இரண்டாகப் பிரிக்குமுன், பட்டியல் வழக்கப்படியே இருந்தது: தலைப்பு வரியில் அடைப்புக்குள் பட்டியலின் பெயர், அடியில் விலகும் முகவரி. பொதுக்கூட்டத்துக்கு முந்திய வாரம் யாஹூ முகவரி வைத்திருந்த ஒருவர் கணக்கு விளக்கம் கேட்டு நாள்தோறும் எழுதினார். அந்த வாரக் கடைசியில் ஜிமெயில் உறுப்பினர்களில் பெரும்பாலானோருக்கு விநியோகம் நின்றிருந்தது. எழுதியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வாங்கியவர்கள்தான் நிறுத்தப்பட்டார்கள்.

நடந்தது இது. டிமார்க், வாசகர் காணும் அனுப்புநர் வரியின் டொமைனைப் பார்க்கிறது. அந்த டொமைனோடு பொருந்தும் எஸ்.பி.எஃப் அல்லது டிகிம், இரண்டில் ஒன்றாவது தேற வேண்டும். பட்டியல் வழியாகப் போகும் மடலின் உறை முகவரி (மடல் திரும்பினால் போய்ச் சேரும் முகவரி) சங்கத்தினுடையது, எஸ்.பி.எஃப் தேறினாலும் அது யாஹூவோடு பொருந்தாது. டிகிம் கையொப்பம் தலைப்பு வரியையும் உடலையும் சேர்த்து இடப்பட்டது; அடைப்புப் பெயரும் அடிக்குறிப்பும் சேர்ந்ததுமே அது உடைகிறது. யாஹூ 2014 ஏப்ரலிலிருந்தே 'தேறாததை நிராகரி' என்று உலகுக்கு அறிவித்திருக்கிறது. ஜிமெயில் அதற்குக் கீழ்ப்படிந்து 550 5.7.26 சொல்லித் திருப்பியது.

திரும்பிய ஒவ்வொன்றும் வாங்குபவரின் கணக்கில் புள்ளியாக விழுந்தது. மெயில்மேனில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு புள்ளி மட்டும். ஏழு நாள் ஒன்றும் திரும்பாவிட்டால் பழைய கணக்கு அழியும். 5 புள்ளியானால் விநியோகம் நிற்கும். பிறகு ஏழு நாள் இடைவெளியில் மூன்று எச்சரிக்கை, அதற்குப் பிறகு பெயர் நீக்கம். சாதாரண வாரத்தில் யாரும் ஐந்தைத் தொட மாட்டார்கள். ஒருவர் ஐந்து நாள் தொடர்ந்து எழுதினால் போதும், குற்றமற்ற நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் தொடுவார்கள். இப்படி டிமார்க்கில் தேறாமல் திரும்புவதைத் தவிர்க்க மெயில்மேனில் உள்ள 'தணிப்பு' வசதி, இயல்பு அமைப்பில் 'இல்லை' என்றே இருக்கும். நிறுவிய அன்றே மாற்ற வேண்டிய முதல் அமைப்பு இதுதான்.

தணிப்பில் கவனிக்கத்தக்கவை இரண்டு. அனுப்புநர் வரியில் பட்டியலின் முகவரியை இட்டு 'இன்னார், பட்டியல் வழியாக' என்று காட்டுவது ஒன்று. மூல மடலை உறைக்குள் உறையாக மடித்து அனுப்புவது மற்றது. இரண்டாவது முறை நேர்மையானது, ஆனால் சில கைத்தொலைபேசிச் செயலிகளில் வெறும் இணைப்பாகத் தெரியும், மூத்தவர்கள் திறக்கவே மாட்டார்கள். முதலாவதையே எடுக்க வேண்டும். அதற்கும் ஒரு விலை உண்டு. கைத்தொலைபேசியின் முகவரிப் புத்தகம் பட்டியலின் முகவரியை எழுதியவரின் பெயரில் சேமித்துக்கொள்ளும். பிறகொரு நாள் அவருக்கென்று தனியாக எழுதும் கடிதம் முழுச் சங்கத்துக்கும் போகும். கலியாணப் பேச்சும் காணிப் பிரச்சினையும் அப்படி வெளியே வந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

ஆகவே தலைப்பு முத்திரையையும் அடிக்குறிப்பையும் உரையாடல் பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று. எச்.ரி.எம்.எல்லை வெறும் எழுத்தாக மாற்றும் வடிகட்டியும் நிறுத்தப்பட்டது. தணிப்பு, கடுமையான டிமார்க் அறிவித்த டொமைன்களுக்கு மட்டும். ஜிமெயில் தன் சொந்த முகவரிகளுக்கு அப்படி அறிவிக்கவில்லை என்பதால், பெரும்பாலானோரின் பெயரும் கையொப்பமும் உடையாமல் போகின்றன. மெயில்மேன் ஒவ்வொரு மடலின் கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியிலும் பட்டியல் அடையாளத்தை எப்படியும் வைக்கிறது. வடிகட்டி வைக்க விரும்புவோர் அதைப் பிடிக்கலாம். பதில் முகவரியைப் பட்டியலுக்குத் திருப்பும் வசதியை இயக்கவில்லை. 'பதில்' அழுத்தினால் எழுதியவருக்கு, 'அனைவருக்கும்' அழுத்தினால் பட்டியலுக்கு. தவறுதலாகப் பொதுவில் போன ஒரு வரியைத் திருப்பி எடுக்க முடியாது, தவறுதலாகத் தனியே போனதை மீண்டும் அனுப்பலாம்.

நின்றுபோனவர்களை வலைப்பக்கத்தில் ஒவ்வொருவராக இயக்குவது கை நோகும் வேலை. 'பவுன்சால் நிறுத்தப்பட்டவர்' (மடல் திரும்பியதால் நிறுத்தப்பட்டவர்) என்ற நிலையில் உள்ளவர்களை மட்டும் பிடித்து இயக்கும் சிறு பைதன் துணுக்கை மெயில்மேன் ஷெல்லில் ஓட்டலாம். தாமாக விநியோகத்தை நிறுத்தி வைத்தவர்களின் நிலை வேறு. அதைத் தொடக் கூடாது.

இன்னொரு நுணுக்கம். டிகிம் கையொப்பமிடும் கருவி இயல்பில் அனுப்புநர் வரியின் டொமைனைப் பார்த்தே எந்தச் சாவி என்று தீர்மானிக்கும். ஜிமெயில் பெயரில் வெளியே போகும் மடலில் சங்கத்தின் கையொப்பம் விழாது. மெயில்மேனிடமிருந்து வரும் எல்லாவற்றுக்கும் பட்டியல் டொமைனின் சாவியால் ஒப்பமிடும்படி அமைக்க வேண்டும்.

2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயில், ஒரு நாளில் தன் முகவரிகளுக்கு 5000 மடலளவில் அனுப்பும் டொமைனை மொத்த அனுப்புநராகக் கொள்கிறது. சின்னச் சங்கத்துக்கு இது எங்கே என்று தோன்றும். பெருக்கிப் பார்த்தால், 450 ஜிமெயில் உறுப்பினர் உள்ள பட்டியலில் தேர்தல் தகராறு ஒன்றில் ஒரே நாளில் 12 மடல் வந்தால் 5400. ஒருமுறை தாண்டினால் அந்த வகைப்பாடு நிரந்தரம் என்பது ஜிமெயிலின் விதி. ஸ்பாம் முறைப்பாடு 0.3 வீதத்தைத் தொடக் கூடாது என்றும் சொல்கிறது. 450 பேரில் இருவர் விலகுவதற்குப் பதிலாக 'ஸ்பாம்' பொத்தானை அழுத்தினால் அதுவே 0.44. விலகும் வழியை மடலின் உடலிலிருந்து எடுத்ததற்கு ஈடாக, மாதம் ஒருமுறை 'விலகுவது எப்படி' என்று செயலாளர் தனி மடலாகவே அனுப்புகிறார்.

தமிழ் என்றதும் வருபவை

மெயில்மேனின் இயல்பான மடல் அளவு எல்லை 40 கிலோபைற். ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூ.ரி.எஃப் 8 என்ற எழுத்துக் குறிமுறையில் 3 பைற். மின்னஞ்சலில் ஒருவகைக் குறியேற்றத்தில் அது 4 ஆகும், இன்னொன்றில் 9 ஆகும். 9 என்றால் 40 கிலோபைற்றுக்குள் ஏறக்குறைய 4500 குறிதான். 'கூட்டம்' என்ற ஒரு சொல்லே 7 குறி. ஜிமெயில் ஒரே உரையை வெறும் எழுத்தாகவும் எச்.ரி.எம்.எல்லாகவும் இருமுறை அனுப்பும், கீழே பழைய மடல் முழுவதும் தொங்கும். இரண்டாவது பதிலிலேயே எல்லை தாண்டும், மட்டுறுத்துநரின் வரிசை நிரம்பும். எல்லையை 200 கிலோபைற்றாக்கியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

அதற்கு மேல் ஏற்றவும் கூடாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் படம் எடுத்து அனுப்ப ஆள் இருக்கிறது. 4 மெகாபைற் படம் ஒன்று மின்னஞ்சல் குறியேற்றத்தில் மூன்றிலொரு பங்கு பருத்து, 800 பேருக்குப் போனால் 4 ஜிகாபைற்றுக்கு மேல். படத்துக்கு இணைப்பு முகவரி அனுப்பட்டும்.

ஆங்கிலத்தை முதன்மை மொழியாகக் கொண்ட பட்டியலுக்கு மெயில்மேன் இயல்பில் ரோமன் எழுத்துக்கு மட்டுமான ஆஸ்கி எழுத்துத் தொகுதியையே வைத்திருக்கும். அதனால், பல மடல்களை ஒன்றாக்கி அனுப்பும் தொகுப்பு மடலின் வெறும் எழுத்து வடிவில் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாக வரும். தமிழ் அடிக்குறிப்பு உடலோடு சேராமல் தனிக் கோப்பாகத் தொங்கும். அமைப்புக் கோப்பில் ஆங்கிலத்தின் எழுத்துத் தொகுதியை யூ.ரி.எஃப் 8 என்று மாற்றி மெயில்மேனை மீள இயக்கினால் சரி.

போஸ்ற்கிரெஸ் ஏன் என்பதற்கும் இங்கேதான் விடை. மைஎஸ்கியூஎல்லில் 'யூ.ரி.எஃப் 8' என்று சொல்லப்படும் பழைய வகை 3 பைற்றோடு நின்றுவிடும். தமிழ் 3 பைற் என்பதால் சோதனை எல்லாம் தேறும். யாரோ கடைசியில் கைகூப்பும் சின்னம் ஒன்றை வைத்து 'நன்றி' சொல்வார். அது 4 பைற். அந்த மடல் மட்டும் களஞ்சியத்தில் ஏறாது. 4 பைற் வகையைத் தேர்ந்து தப்பலாம், போஸ்ற்கிரெஸில் இந்தக் கேள்வியே இல்லை.

பாமினி தனிக் கதை. இலங்கையில் பல காலம் தட்டச்சு பாமினி எழுத்துருவில் நடந்தது. இப்போதும் வேர்ட் கோப்பிலிருந்து வெட்டி மடலில் ஒட்டுபவர்கள் உண்டு. எழுத்துரு போனதும் எஞ்சுவது ரோமன் எழுத்துக் குப்பை. கணினியைப் பொறுத்தவரை அது பிழையற்ற ஆஸ்கி, ஆகவே எந்த வடிகட்டியும் எச்சரிக்காது. களஞ்சியத்தில் ஏறிவிட்டால் தேடவும் முடியாது. பாமினியில் அடிக்கடி வரும் அரைப்புள்ளி சேர்ந்த எழுத்துக்கூட்டம் ஒரு மடலில் மிகுந்திருந்தால் அதை நிறுத்தி வைக்கும்படி விதி எழுதலாம். மட்டுறுத்துநர் எழுத்துரு மாற்றி மூலம் யூனிகோடாக்கி எழுதியவருக்கே திருப்பி அனுப்புவார். தாமே மாற்றிப் பட்டியலில் இடுவது சரியல்ல, அது மீண்டும் பிறர் கடிதத்தில் கை வைப்பதாகும்.

தேடல்

களஞ்சியம் நிறுவி மாதக்கணக்கான பிறகே இந்தக் குறை தெரிய வரும். ஹைப்பர்கிற்றி இயல்பில் ஹூஷ் என்ற தேடுபொறியைப் பயன்படுத்துகிறது. அது சொல்லைப் பிரிக்கும் விதி பைதனின் 'எழுத்து' வரையறையை நம்பியது. அந்த வரையறையில் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்து அல்ல. ஆகவே 'கூட்டம்' என்பது க, ட, டம என்று மூன்றாக உடையும். ஓரெழுத்துத் துண்டுகள் வீசப்படும். எஞ்சுவது 'டம'. இனி 'கூட்டம்' என்று தேடினால் திட்டம், பாடம், மாவட்டம் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். விடை ஒன்றும் வராமலிருந்தால் பிழை என்று உடனே தெரிந்திருக்கும்; ஏதோ வருவதால் யாரும் முறையிடவில்லை.

ஸேப்பியன் என்ற தேடுபொறி அந்தக் குறிகளைச் சொல்லின் பகுதியாகவே எடுக்கும். அதற்கு மாறி, தேடல் சுட்டியை முழுவதும் மீளக் கட்டினால் 'கூட்டம்' கூட்டமாகவே கிடைக்கும். 'கூட்டத்தில்', 'கூட்டத்துக்கு' என்று விகுதி ஒட்டியவற்றைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

களஞ்சியம் மூடியதாக, உறுப்பினர் மட்டும் புகக்கூடியதாக இருக்கட்டும். சந்தா கட்டாதவர் பெயர், புலமைப்பரிசில் கேட்ட பிள்ளையின் வீட்டு நிலை போன்றவை கூகுளில் வர வேண்டியவை அல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கும் இருக்கிறது, லண்டன் உறுப்பினர்களுக்கு அவர்கள் நாட்டுச் சட்டமும் உண்டு. ஒருவர் தம் மடலை அழிக்கக் கேட்டால் ஹைப்பர்கிற்றியில் அழிக்கலாம். முன்பே 800 பெட்டிக்குப் போனது போனதுதான் என்பதை அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஓட்டம்

நிலைபெற்ற பின் வேலை குறைவு. வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியது 'ஷண்ட்' வரிசை: பதப்படுத்தும்போது பிழை வந்த மடல்களை மெயில்மேன் அங்கே ஒதுக்கிவிட்டு யாருக்கும் சொல்லாது. காரணத்தைப் பதிவேட்டில் பார்த்துத் திருத்தியபின் திரும்ப வரிசைக்கு விடலாம். உறுப்பினரல்லாதவரின் மடல் நிறுத்திவைக்கப்படும். 'உங்கள் மடல் காத்திருக்கிறது' என்ற தானியங்கிப் பதில் நிறுத்தப்பட்டிருக்கிறது, ஏனெனில் ஸ்பாம் அனுப்புவோர் போலி முகவரி வைப்பதால் அந்தப் பதில் அப்பாவி ஒருவருக்குப் போய் நம் ஐ.பியின் பெயரைக் கெடுக்கும். மட்டுறுத்துநர் ஒருவர் யாழ்ப்பாணத்தில், ஒருவர் ரொறன்ரோவில். தொகுப்பு மடல் சர்வதேச நேரம் 12 மணிக்குப் போகிறது: இங்கே பின்னேரம் 5.30, லண்டனில் மதியம், ரொறன்ரோவில் காலை, சிட்னியில் படுக்கப் போகுமுன்.

காப்புப் பிரதியில் நான்கு இருக்க வேண்டும்: தரவுத்தளத்தின் முழு ஏற்றுமதி, மெயில்மேனின் தரவு அடைவு, அமைப்புக் கோப்புகள், டிகிம் சாவி. இரவுதோறும் எடுத்து வேறு நாட்டிலுள்ள வேறு கணக்குக்கு அனுப்பப்படுகிறது. கூடவே உறுப்பினர் பட்டியல் மாதம் ஒருமுறை வெறும் எழுத்துக் கோப்பாக யாழ்ப்பாணத்துச் செயலாளரின் பென் டிரைவுக்கும் வருகிறது. சேர்வர் முழுவதும் போனாலும் அதை வைத்து எங்கேயும் மீளத் தொடங்கலாம். பொதுக்கூட்டத்தில் பொறுப்பாளர்கள் மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு கைமாறுபவை: டொமைன் பதிவின் கடவுச்சொல், சேர்வர் கணக்கின் கடவுச்சொல்லும் அதன் இரண்டாம் படி உறுதிப்பாடு யாருடைய தொலைபேசிக்கு வருகிறது என்ற குறிப்பும், பட்டியல் உரிமையாளர் பதவி. இரண்டாம் படி உறுதிப்பாட்டைப் பழைய செயலாளரின் தொலைபேசியிலிருந்து மாற்றிய பின்தான் அவருக்கு மாலை போடுவது.